எழுதியவர் பெயரில் ஒரு தாளாவது இருக்கட்டும்

மலேசியத் தமிழ் எழுத்தாளர் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், தமிழ் நாளிதழ், வார இதழ் ஆசிரியர்களுக்கும், பயிற்சி நூல் வெளியிடுவோர் உட்பட எல்லாத் தமிழ்ப் பதிப்பகத்தாருக்கும்,

வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். சிறுகதை எழுதுகிறவள். வயிற்றுப்பாட்டுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன், மலாயிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன், பள்ளிப் பயிற்சி நூல்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். உங்களில் சிலர் என் கதைகளை ஞாயிறு பதிப்பில் போட்டிருக்கிறீர்கள். சிலரோடு நூல் வெளியீட்டு மேடைகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் எழுத்து எங்களுடையது என்று காட்ட எங்களில் பெரும்பாலோரிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. இத்தனை காலம் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்க ஆளே இல்லாத பொருளுக்கு உரிமைப் பத்திரம் எதற்கு என்று விட்டுவிட்டோம். இப்போது எழுத்தையே மூலப்பொருளாகக் கொண்டு ஒரு தொழில் வளர்ந்து நிற்கிறது. சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் என்று நம் கைப்பேசியில் இருக்கும் எல்லாமே மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துத்தான் எழுதக் கற்றன. இந்த நேரத்தில் தாள் இல்லாதவர் கேட்க நாதியற்றவர். அந்தத் தாளை எங்களுக்குத் தரக்கூடியவர்கள் முதலில் நீங்கள்தான். புத்ராஜெயாவிலுள்ள அரசாங்கமும் அமெரிக்க நிறுவனங்களும் அதற்கு அப்புறம்.

நம் நாட்டில் தமிழ்க் கதை எழுதிக் குடும்பம் நடத்தியவர்கள் என்று யாரைச் சொல்வது? நூல் எப்படி வெளிவருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கைக்காசைப் போட்டு, போதாததற்குக் கூட்டுச் சீட்டு கட்டி எடுத்த பணத்தையும் சேர்த்து, ஐந்நூறு படி அச்சடிப்போம். தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ வெளியீடு. ஒரு டத்தோ வந்து முதல் நூலைப் பெற்றுக்கொள்வார். அவர் உறையில் வைத்துத் தருவதும், வந்தவர்கள் ஆளுக்கொரு நூல் வாங்கிக்கொண்டு கொடுப்பதும் சேர்ந்தால் அச்சகக் கடன் அடையும். மிச்சப் படிகள் கட்டிலுக்கடியில் போகும்.

எங்களுக்குச் சோறு போட்டது எழுத்தைச் சுற்றியிருந்த சின்ன வேலைகள். கும்பாபிஷேக மலர், அறுபதாம் கல்யாண வாழ்த்து மடல், கோயில் திருவிழா அழைப்பிதழ், பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம், டிங்கி காய்ச்சல் துண்டறிக்கையின் தமிழாக்கம், வானொலிக்கு நாடகம், ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவருக்குக் கட்டுரைத் தொகுப்பு. ஐம்பது வெள்ளி (ரிங்கிட்), நூறு வெள்ளி என்று வரும். மாதக் கடைசியில் அந்த ஐம்பதுக்கு இருந்த மதிப்பு எனக்குத்தான் தெரியும். செயற்கை நுண்ணறிவு முதலில் கைவைத்தது இந்த வேலைகளில்தான். நாவலாசிரியரின் இடத்தை இயந்திரம் பிடிக்குமா என்று கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருக்கிறோம். வாழ்த்து மடல் எழுதியவரின் இடம் ஏற்கெனவே போய்விட்டது. அதைப் பற்றிப் பேச ஒரு மேடையும் கிடைக்கவில்லை.

ஒரு பதிப்பகத்தார் சென்ற ஆண்டு அழைத்தார்கள். நான்காம் ஆண்டுக்கான பயிற்சி நூல். "நீங்க எழுத வேணாம் டீச்சர், எழுதியாச்சு. ஒரு பார்வை பாத்துக் கொடுத்தா போதும்" என்றார்கள். கூலி, முன்பு எழுதிக் கொடுத்தபோது தந்ததில் மூன்றில் ஒரு பங்கு. சரி என்று வாங்கினேன். அதில் கருத்துணர்தலுக்கு ஒரு பத்தி, தோட்டத்துப் பாட்டியின் ஒரு நாளைப் பற்றி. நண்பகல் வெயிலில் பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வரிசையாகப் போய் ரப்பர் மரங்களில் பால் பறிக்கிறார்கள். மழை பெய்ததும் மரங்கள் செழித்து, அன்று இரட்டிப்புப் பால் கிடைக்கிறது. மாலையில் சங்கு ஊத, பாட்டுப் பாடியபடி வீடு திரும்புகிறார்கள்.

எழுதியது இயந்திரம். தேயிலைத் தோட்டத்துப் பெண்களைக் கொண்டுவந்து ரப்பர் மரத்தடியில் நிறுத்தியிருந்தது. என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் மரம் சீவியவர். இருட்டோடு எழுந்து, பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைவார். விடியலில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், அப்போதுதான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறச் சொட்டு நின்றுவிடும். பட்டையை வெட்டிய கோட்டில் பால் இறங்கி, மரத்தில் கட்டிய மங்கு என்ற கிண்ணத்தில் விழுந்து நிற்கும். பத்துப் பதினொரு மணிக்கு மேல் வாளியோடு திரும்ப ஒரு சுற்று வந்து பாலை ஊற்றி எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போவார்கள். மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் வெட்டக் கூடாது. வெட்டினால் பால் மரத்தோடு பரவி வீணாகும், மங்குக்குள் தண்ணீர் சேரும். மழை நாள் என்றால் எங்கள் வீட்டில் வருமானம் இல்லாத நாள்.

அந்தப் பத்தியை நான் முழுக்க அழித்துத் திரும்ப எழுதினேன். நூல் முழுவதும் அப்படித்தான் ஆனது. ஒரு பார்வை என்று வாங்கிய வேலை, எழுதும் வேலையைவிடக் கூடுதலாக இழுத்தது. நூல் வந்தபோது என் பெயர் எங்கும் இல்லை. என் அம்மாவின் காலைப் பொழுதை நான் எழுதிய அந்தப் பக்கம் இப்போது பதிப்பகத்தின் சொத்து. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. இதை நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

நம்முடைய 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளருக்குச் சாதகமான சட்டம்தான். எழுதி முடித்ததுமே உரிமை வந்துவிடும், எங்கும் போய்ப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பிறகு 50 ஆண்டும் அது நிற்கும். ஆனால் 26ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு எழுதி வாங்கிய படைப்பின் உரிமை, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லை என்றால், கேட்டு வாங்கியவருக்கே மாறியதாகக் கருதப்படும். அதாவது, நானாக எழுதி உங்களுக்கு அனுப்பிய கதை என்னுடையது. தீபாவளி மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் தொலைபேசியில் கேட்டு வாங்கிய கதை உங்களுடையது என்று நாளைக்கு ஒரு வழக்கறிஞர் வாதாடலாம். எந்தக் கதை எந்த வகை என்று இருபது வருடம் கழித்து யார் சாட்சி சொல்வது? கேட்ட ஆசிரியர் ஓய்வு பெற்றிருப்பார். எழுதியவர் இருப்பாரோ இல்லையோ.

நீங்கள் யாரும் இந்தப் பிரிவை வைத்து எங்களை ஏமாற்ற நினைத்ததில்லை. அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் எங்களுக்கும் இடையே நம்பிக்கையும் நட்பும் இருந்தன, அதனால் தாள் தேவைப்படவில்லை. ஆனால் நாளை பத்திரிகை கை மாறும். அல்லது மூடப்படும். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரி 31ஆம் தேதியோடு நின்றது. மூன்று தலைமுறை எழுத்தாளர்கள் அதில் எழுதினார்கள். அந்தப் பழைய இதழ்களிலுள்ள கதைகளை ஒரு நிறுவனம் இயந்திரத்துக்குக் கொடுக்க விரும்பினால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஒவ்வொரு கதைக்கும் பதில் வேறு. அந்தப் பதில் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

தாள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் கண்முன்னே ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில் ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் 2025 செப்டம்பரில் 1.5 பில்லியன் டாலர் கொடுக்க உடன்பட்டது. திருட்டு நூலகத் தளங்களிலிருந்து நூல்களை இறக்கிச் சேர்த்து வைத்தது என்பதுதான் பிரச்சினை. அதே வழக்கில் ஜூன் மாதம் நீதிபதி, நூல்களை வைத்து இயந்திரத்தைப் பயிற்றுவித்தது அனுமதி கேட்காமலே சட்டம் இடம் தரும் நியாயமான பயன்பாடு, திருட்டுப் படிகளைச் சேர்த்து நூலகமாக வைத்துக்கொண்டது அப்படி அல்ல என்று சொல்லியிருந்தார். உடன்பாட்டின்படி ஏறக்குறைய 5 லட்சம் நூல்களுக்கு, நூல் ஒன்றுக்குச் சுமார் 3,000 டாலர். ஆனால் பட்டியலில் ஏற ஒரு நிபந்தனை உண்டு. நூல் வெளிவந்து ஐந்தாண்டுக்குள் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதியாத நூல், அதே தளத்திலிருந்து அதே நாளில் இறக்கப்பட்டிருந்தாலும், கணக்கில் வராது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் ஏறவில்லை என்றால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. மரம் சீவியிருப்பாள், அவள் கொண்டுவந்த பால் ஸ்டோர் தொட்டியில் மற்றவர் பாலோடு கலந்து கிடக்கும், தோட்டக் கணக்கரான கிராணி புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் பேர் இல்லை என்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

இனி எங்கள் ஊரில் நான் பார்த்த ஒன்று. காலமான மூத்த எழுத்தாளர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு மாலையில் கதை எழுதியவர். அறுபதுகளிலிருந்து அவர் எழுதியதெல்லாம் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் ஒட்டியிருந்தது. சோற்றுப் பசை மஞ்சளாகி, தாளின் ஓரங்கள் பூச்சி அரித்துக் கிடந்தன. கதையை மட்டும் கட்டம் கட்டமாக அழகாக வெட்டியிருக்கிறார். அதனால் பத்திரிகையின் பெயரும் தேதியும் வெட்டில் போய்விட்டன. சிலவற்றின் பக்கத்தில் பென்சிலால் ஆண்டு மட்டும். மூன்று புனைபெயர்களில் எழுதியிருக்கிறார், அதில் ஒன்று மனைவியின் பெயர். அந்த அம்மாள் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, இது அவர், இதுவும் அவர்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவர் சொல்வதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

எனக்கு முன்பே ஒரு இளைஞர் வந்து எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்துப் போயிருக்கிறார். தமிழைப் பாதுகாக்கிறோம் என்றாராம். அம்மாள் காப்பி கலந்து கொடுத்து, பக்கம் பக்கமாகத் திருப்பியும் காட்டியிருக்கிறார். எந்த அமைப்பு, படங்கள் எங்கே போகும், யார் கையில் சேரும் என்று எதுவும் கேட்டு வைக்கவில்லை. அந்தப் பிள்ளை நல்ல எண்ணத்தோடுதான் வந்திருப்பார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கணவர் இறந்து 50 ஆண்டு ஆகும் வரை அந்தக் கதைகளின் உரிமை அந்தக் குடும்பத்துக்கு உண்டு என்பதை அம்மாளுக்கு இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. எழுத்தாளர் இறந்தபோது மாலையோடு வந்தவர்களும் சொல்லவில்லை. நாம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தமிழ் இயந்திரத்துக்குள் போவது தமிழுக்கு நல்லதுதானே, இதில் காசைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நானும் அது போக வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். மலேசியத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் இயந்திரம் தேயிலைக் கூடையைக் காட்டுவது எனக்குத்தான் அதிகமாக வலிக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்து எல்பில், டோவன்பி, ஹீவூட் தோட்டங்களில் என்ன நடந்தது என்று நாளை ஒரு குழந்தை கேட்டால் சரியான பதில் வர வேண்டும். அந்தப் பதில் இருப்பது நம் எழுத்தாளர்களின் கதைகளில்தான். தமிழில் இணையத்தில் கிடைப்பதே கொஞ்சம், மலேசியத் தமிழ் அதிலும் கொஞ்சம். அப்படியென்றால் எங்கள் பழைய ஞாயிறு பதிப்புகளுக்கும் வானொலி நாடகங்களுக்கும் மதிப்பு கூடுகிறது. மதிப்புள்ளதை எடுக்கும்போது கேட்பதும் கொடுப்பதும் முறை. தமிழ்மேல் பற்று என்பதற்காகத் தமிழ் எழுதியவர் மட்டும் சும்மா கொடுக்க வேண்டும் என்றால், அந்தப் பற்றின் செலவு முழுவதும் மரம் வெட்டியவர் வீட்டுத் தலையில் விழுகிறது.

கேட்டுச் செய்ய முடியாதா? முடியும். 2024 நவம்பரில் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் தன் பழைய நூல்கள் சிலவற்றை ஒரு செயற்கை நுண்ணறிவு நிறுவனத்துக்குப் பயிற்சிக்காகக் கொடுக்க ஏற்பாடு செய்தபோது, ஒவ்வொரு எழுத்தாளரிடமும் கேட்டது. மூன்று ஆண்டு உரிமம், நூலுக்கு 5,000 டாலர், அதில் பாதி எழுத்தாளருக்கு. விரும்பாதவர் வேண்டாம் என்று சொல்லலாம். தொகை போதுமா என்று அங்கேயே சண்டை நடந்தது, அது வேறு விஷயம். அதே ஆண்டில் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்தின் தாய் நிறுவனம் மைக்ரோசாஃப்டோடு ஒப்பந்தம் போட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று பேராசிரியர்கள் பலர் பிறகு குமுறினார்கள். நாளைக்கு உங்கள் மேசைக்கும் இப்படி ஒரு கடிதம் வரலாம். உங்கள் பழைய இதழ்களுக்கு ஒரு விலை சொல்வார்கள். நலிந்து கிடக்கும் பத்திரிகைக்கு அந்தப் பணம் பெரிதாகத் தெரியும். அன்றைக்கு இந்த இரண்டில் எந்த வழியில் போகப்போகிறீர்கள் என்பதை இன்றே முடிவு செய்துவிடுங்கள்.

சட்டம் வந்து எல்லாவற்றையும் சரி செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். நாட்டுக்கு நாடு வேறாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், சட்டப்படி கையில் கிடைத்த படைப்பைக் கணினித் தரவு ஆய்வுக்குப் படி எடுக்க உரிமையாளரைக் கேட்க வேண்டியதில்லை என்கிறது, வியாபாரத்துக்கு என்றாலும் சரி. ஒப்பந்தம் போட்டுக்கூட அதைத் தடுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உரிமையாளர் வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் வணிக நிறுவனங்கள் எடுக்கக் கூடாது. எதை வைத்துப் பயிற்றுவித்தோம் என்ற சுருக்கத்தையும் 2025 ஆகஸ்ட் முதல் வெளியிட வேண்டும். இந்தியாவில் ஓர் அரசுக் குழு 2025 டிசம்பரில், அனுமதி கேட்க வேண்டாம், ஆனால் பணம் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்ற வழியை முன்வைத்தது. நம் சட்டத்தில் இயந்திரப் பயிற்சிக்கு என்று தனியாக விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. டிஜிட்டல் அமைச்சும் 2024 டிசம்பரில் தொடங்கிய தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகமும் இருக்கின்றன, சட்டம் கொண்டுவரும் பேச்சும் நடக்கிறது. அந்தச் சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், கேட்டு எடுப்பதாக இருந்தாலும் எடுத்துவிட்டுக் கொடுப்பதாக இருந்தாலும், யாருடைய எழுத்து எது என்ற பட்டியல் இல்லாமல் ஒரு காசும் உரியவர் கைக்கு வராது.

அதனால் பத்திரிகை ஆசிரியர்களிடம் முதலில் கேட்கிறேன். ஒரு படைப்பை வெளியிடும்போது எழுதியவருக்கு அரைப்பக்கக் கடிதம் ஒன்று கொடுங்கள், மின்னஞ்சலாக இருந்தாலும் போதும். படைப்பின் பெயர், எழுதியவரின் இயற்பெயர், புனைபெயர், வெளிவந்த தேதி. ஒரு முறை அச்சிடவும் உங்கள் இணையப் பதிப்பில் போடவும் மட்டுமே அனுமதி பெற்றிருக்கிறீர்கள், நீங்கள் கேட்டு எழுதியதாக இருந்தாலும் பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கிறது, இயந்திரப் பயிற்சிக்குக் கொடுப்பதாக இருந்தால் தனியாகக் கேட்டுத் தனியாகக் கொடுப்பீர்கள் என்று இரண்டு மூன்று வாக்கியம். 26ஆம் பிரிவின் பிடியிலிருந்து எங்களை விடுவிக்க அவ்வளவு போதும். சன்மானம் கொடுக்க வழியில்லாத பத்திரிகையும் இந்தக் கடிதத்தைக் கொடுக்கலாம், இதற்குச் செலவில்லை.

இன்னொன்று. ஞாயிறு பதிப்பில் இயந்திரம் எழுதியதைப் போட்டால் இயந்திரம் எழுதியது என்று போடுங்கள். நான் அதை வெறுக்கிறவள் அல்ல. கண்பார்வை குறைந்த தோழி ஒருவர் சொல்லச் சொல்ல அது தட்டச்சு செய்து கொடுக்கிறது, அவர் மறுபடியும் எழுதத் தொடங்கியிருக்கிறார். ஆனால் ஒரு பக்கத்தில் ஆறு கதைக்குத்தான் இடம், அதில் இரண்டை இயந்திரம் பிடித்துக்கொண்டால் இரண்டு மனிதர்கள் வெளியே நிற்கிறார்கள். வாசகருக்கு அது தெரிய வேண்டும்.

பதிப்பகத்தார்க்கு. இயந்திரம் எழுதியதைத் திருத்தச் சொல்லும்போது, திருத்துகிறவர் உண்மையில் என்ன செய்தார் என்று பார்த்துக் கூலி கொடுங்கள். திரும்ப எழுதினால் எழுதிய கூலி. நூலில் அவர் பெயர். 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் படிக்கும் பக்கம் அது. நண்பகலில் பால் வெட்டும் பாட்டியைப் படித்து வளரும் பிள்ளைக்கு, தன் சொந்தப் பாட்டி சொல்வது பொய்யாகத் தெரியும்.

போட்டி நடத்தும் அமைப்புகளுக்கும் ஒரு வார்த்தை. விதிமுறையின் கடைசியில் "அனுப்பப்படும் படைப்புகளின் உரிமை ஏற்பாட்டாளருக்கே" என்று ஒரு வரி போடுகிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். பரிசு பெற்றதற்கு மட்டுமல்ல, பரிசு பெறாத கதைகளுக்கும் சேர்த்துத்தான் அந்த வரி. யாரோ எப்போதோ எழுதியதை வருடா வருடம் அப்படியே படியெடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம். தொகுப்பு நூல் போட வேண்டும் என்றால் அதற்கு மட்டும் அனுமதி கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

எழுத்தாளர் அமைப்புகளிடம்தான் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன். கருத்தரங்கு, நூல் பரிசு, இலக்கியப் பயணம் எல்லாம் நடக்கட்டும். அதோடு ஒரு பதிவேடு தொடங்குங்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஒவ்வொருவரும் எழுதியது என்ன, எங்கே, எப்போது, எந்தப் பெயரில், இப்போது உரிமை யாரிடம். நூலாக வந்தவற்றுக்குத் தேசிய நூலகத்தின் பதிவு ஓரளவு கைகொடுக்கும். பத்திரிகையிலும் வானொலியிலும் போனதற்கு எதுவும் இல்லை, அங்கேதான் வேலை. எழுபதைத் தாண்டியவர்களிடமிருந்து தொடங்குங்கள், அவர்கள் சொல்ல இருக்கும்போதே. அப்புறம் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் படைப்புகளைத் தாமாக முன்வந்து அறிவிக்க 2012 முதல் வழி இருக்கிறது. ஒரு சத்தியப் பிரமாணம், படைப்பின் ஒரு படி, கட்டணம். வழக்கு என்று வந்தால் அந்தப் பதிவேட்டின் சான்று நீதிமன்றத்தில் முதல்நிலை ஆதாரமாக நிற்கும். தனியாளாகப் போய் இதைச் செய்ய எங்களில் பலருக்குத் தெம்பும் இல்லை, படிவம் நிரப்பும் மலாயும் இல்லை. சங்கம் கூட இருந்து செய்தால் நடக்கும்.

இதற்கும் மேலே ஒன்று வேண்டும், எல்லோருக்கும் சேர்த்துப் பேரம் பேசும் ஓர் அமைப்பு. பாடல் எழுதுகிறவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் நம் நாட்டில் மேக்ப் (MACP) என்ற உரிமை அமைப்பு இருக்கிறது, 1989இல் தொடங்கியது. பாட்டு ஒலிக்கும் இடங்களிலிருந்து பணம் வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறது. கதை எழுதுகிறவர்களும் அப்படிச் சேர்ந்து உரிமம் வழங்க நம் சட்டத்திலேயே இடம் உண்டு. ஐந்நூறு படி அச்சிடும் ஒருவரிடம் எந்த நிறுவனமும் வந்து பேசாது. முந்நூறு எழுத்தாளர்களின் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒருவர் பேசினால் கேட்பார்கள்.

நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் 1960ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்று, தொழிலாளர்களைத் தெருவில் விட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன், தோட்டத் தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டத்தையே வாங்குவோம் என்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நாள் கூலி வாங்கியவர்கள் பங்குதாரர் ஆனார்கள். அவர்களிடம் படிப்பு குறைவு, கையில் காசு அதைவிடக் குறைவு. பங்குப் பத்திரம் என்று ஒரு தாள் அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. எங்கள் வீட்டிலும் இருந்தது.

நாங்கள் எங்கள் பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டோம். நானும் இரண்டு பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் எழுதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பட்டியல் எடுத்து வருகிறோம். அந்த அம்மாளின் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் ஆரம்பம். கதைகளின் தேதியை உறுதி செய்ய உங்கள் பழைய இதழ்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் அலுவலகங்களில் கட்டி வைத்திருக்கும் தொகுதிகளைப் புரட்டிப் பார்க்க அனுமதி கொடுங்கள். அரைப்பக்கக் கடிதத்துக்கு ஒரு மாதிரியும் எழுதி வைத்திருக்கிறேன், கேட்கும் ஆசிரியருக்கு உடனே அனுப்புகிறேன். பதிவேடு பற்றிப் பேசச் சங்கப் பொறுப்பாளர்கள் நாள் சொன்னால் எங்கள் ஊரில் மண்டபம் பார்த்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. உங்கள் பதிலை உங்கள் பத்திரிகையிலேயே போடுங்கள், எல்லா எழுத்தாளர்களும் படிக்கட்டும்.

அன்புடன்,
ஒரு சிறுகதை எழுத்தாளர்
சுங்கை சிப்புட், பேராக்